தொப்பை போன இடம்

தராசுக்காரர் தராசு விற்பவரல்ல. தராசுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். காய்கறிக் கடைத் தராசு, தபால் ஆபீஸ் தராசு, தங்கம் நிறுக்கும் பொடித் தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு என்று எது நொண்டியடித்தாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வந்து சேரும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பித்தளை எடைக்கற்களைப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைப்பார். கையால் தொடவே மாட்டார். விரல் ரேகையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க்கும் எடை உண்டு என்பது அவர் கட்சி.

இந்த உலகத்தைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எடை தொலையாது. ஒரு தடவை மருந்துக்கடைத் தராசு ஒன்று காலித் தட்டிலேயே ஒரு கிராம் கூடுதலாகக் காட்டியது. இரண்டு நாள் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் தட்டுக்கு அடியில் காய்ந்து கிடந்த ஒரு பல்லி வாலைக் கண்டுபிடித்தார். அந்த வாலைக் காகிதத்தில் மடித்து, கடைக்காரரிடம் தராசோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினார். "எங்கேயும் போகாது சார், எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கும். தேடணும், அவ்வளவுதான்" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரை டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்குக் கூப்பிட்டனுப்பினார். நோயாளிகள் ஏறி நிற்கும் எடை மெஷின் ஆளாளுக்கு ஒரு நியாயம் பேசுகிறது, வந்து பாருங்கள் என்று. தராசுக்காரர் போனார். ஸ்பிரிங்கை மாற்றினார், முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார், எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். கடைசியாக, வழக்கம்போல, தானே ஏறி நின்றார்.

தொண்ணூற்றாறு கிலோ நானூறு கிராம்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "மெஷின் சரியாத்தானே காட்டுது?"

வேறு யார் ரிப்பேர் செய்திருந்தாலும் தராசுக்காரர் அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். ரிப்பேர் செய்தது அவரேயாகப் போய்விட்டது. "கிராம் சுத்தமா காட்டுது டாக்டர்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அப்ப பத்துக் கிலோ குறைக்கணும்."

"குறைச்சுடலாம். குறைக்கிற பத்துக் கிலோ எங்க போகும்?"

"எங்கயும் போகாது. கரைஞ்சிடும்."

"உப்பு கூட தண்ணியில கரையுது டாக்டர். ஆனா உப்போட எடை தண்ணிக்குள்ளதான் இருக்கு. நிறுத்துப் பார்த்தா தெரியும்."

"சரி, எரிஞ்சிடும்னு வச்சுக்குங்க."

"எரிஞ்சா சாம்பல் எங்க?"

டாக்டர் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தராசுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், மூன்றாவது தடவை போட்டுக்கொண்டது இறங்கவில்லை. பத்துக் கிலோ! பல்லி வாலையே தேடிக் கண்டுபிடித்தவர் பத்துக் கிலோவை எங்கே போகிறது என்று தெரியாமல் எப்படி அனுப்புவார்?

"போனாப் போகட்டும் விடுங்களேன்" என்றாள் மனைவி. "காணாமப் போகப் போறது தொப்பைதானே. போலீஸ்லயா புகார் குடுக்கப் போறீங்க?"

மனைவியின் தங்கை பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வருவாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் மணியடிக்கும்வரை பதில் சொல்வாள். வீட்டில் மணியடிக்க ஆள் இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. அந்தச் சனிக்கிழமை தராசுக்காரர் துணிந்து கேட்டார்.

அவள் கண்கள் மின்னின. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அத்தான், உங்க உடம்பு முழுக்க செல் இருக்கு. கோடி கோடியா."

"எந்த சைஸ்? பென்சில் செல்லா, டார்ச் லைட்டுக்குப் போடுறதா?"

"கண்ணுக்கே தெரியாத சைஸ். அந்த ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி அடுப்பு இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு."

"பேரே அரைக் கிலோ இருக்கும் போலிருக்கே."

"நீங்க திங்கிற சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கடைசியில அந்த அடுப்புக்குத்தான் வரும். மூச்சுல உள்ள வர்ற ஆக்சிஜனோட சேர்ந்து எரியும். குபீர்னு இல்ல, படிப்படியா, அடக்கி ஒடுக்கி எரிக்கும். அதுல வர்ற சக்திய வச்சு துளித்துளி பேட்டரி மாதிரி ஒண்ணை சார்ஜ் பண்ணி வைக்கும். நீங்க கைய தூக்கணும்னா அதுல கொஞ்சம் காலியாகும். திரும்ப சார்ஜ் பண்ணும். நாள் முழுக்க இதே வேலைதான்."

பேட்டரி என்றதும் தராசுக்காரருக்குப் பிடிபட்டது. டிஜிட்டல் தராசுகளில் அவர் தினமும் பார்க்கிற சங்கதி. "சரி, சார்ஜ் பண்ணியாச்சு. எரிச்சதோட மிச்சம்?"

"தண்ணி, அப்புறம் கார்பன் டை ஆக்சைடு. பத்துக் கிலோ கொழுப்பு போச்சுன்னா அதுல எட்டுக் கிலோவுக்கு மேல மூச்சுக் காத்தாதான் வெளிய போகும். மிச்சம் தண்ணியா போகும்."

தராசுக்காரர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருடமாக முகத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார். அது வழியாகச் சரக்கு வெளியே போய்க்கொண்டிருப்பது இத்தனை நாள் தெரியவில்லையே!

திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக, வெங்காய வியாபாரி ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மேடைத் தராசைத் தூசி தட்டினார். அதற்கு மேல் ஒரு முக்காலியைப் போட்டு, அதற்கு மேல் தன்னைப் போட்டு, எடையைக் குறித்துக்கொண்டார். பிறகு ஊத ஆரம்பித்தார். கொல்லன் பட்டறைத் துருத்தி தோற்றது. உள்ளே இழுப்பது புஸ், வெளியே விடுவது ஹா. புஸ், ஹா, புஸ், ஹா. மூன்றாவது நிமிஷம் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. நான்காவது நிமிஷம் சுவரில் மாட்டியிருந்த தராசுகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு சுற்றி வந்தன. ஐந்தாவது நிமிஷம் தராசின்மேலேயே முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

தராசை வாங்கிப்போக வந்த வெங்காய வியாபாரி வாசலிலேயே நின்றுவிட்டார். மேடைத் தராசின்மேல் மெக்கானிக் மூட்டை மாதிரி குறுக்கே கிடந்தார்.

"ஐயா, இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

தராசுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தார். "அஞ்சு கிராம்" என்றார் பரவசமாக. "அஞ்சு கிராம் போயிடுச்சு!"

"அஞ்சு கிராமா? என் சட்டையில ஒட்டியிருக்கிற வெங்காயத் தோலு இதைவிடத் தேறும். எந்திரிங்க முதல்ல."

சேதி மச்சினி காதுக்கு எட்டியது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"அத்தான், புகைபோக்கிய பிடிச்சு உறிஞ்சினா அடுப்பு எரியுமா? சும்மா உட்கார்ந்து ஊதினா மயக்கம்தான் வரும். உடம்புக்கு வேலை குடுங்க. வேலை குடுத்தாதான் செல் எரிக்கும், எரிச்சாதான் மூச்சுல போகும்."

இதில் பாதிதான் தராசுக்காரர் காதில் விழுந்தது. மனசு வேறு இடத்தில் இருந்தது. "மூச்சுல போறது சரி. போனது அப்புறம் எங்க போகும்?"

மச்சினி பெருமூச்சு விட்டாள். ஆனால் டீச்சர் டீச்சர்தான். அவள் கைப்பையில் இருந்த கீரைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவி அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இங்க. இந்த இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய இருக்கு. அது வழியா நம்ம விட்ட கார்பன் டை ஆக்சைடு உள்ள போகும். வேர் தண்ணிய அனுப்பும். இந்தப் பச்சை இருக்கே, அது வெயில பிடிச்சு வச்சுக்கும். அந்த வெயிலோட சக்தியில காத்தையும் தண்ணியையும் சேர்த்து சர்க்கரை பண்ணிடும். மிஞ்சின ஆக்சிஜன நமக்கே விட்டுடும். நம்ம எரிக்கிறோம், அது சமைக்குது. அதோட சமையல நம்ம சாப்பிட்டு மறுபடி எரிக்கிறோம்."

தராசுக்காரர் அந்தக் கீரை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தனை வருஷமா என் சரக்கு கண்டவங்க வீட்டுச் செடிக்குப் போயிட்டிருக்கா?"

அவர்கள் குடியிருந்தது ஏழு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை மாட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. மொட்டைமாடியில் பழைய பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, மனைவி ஒரு பூசணிக்கொடி வைத்திருந்தாள். மாடிக் குழாயில் தண்ணீர் வராது. "ரெண்டு குடம் தண்ணி கொண்டு போய் ஊத்துங்களேன்" என்று அவள் கெஞ்சாத நாளில்லை. முழங்கால் வலி, முதுகு வலி, பட்டறைக்கு நேரமாச்சு என்று தராசுக்காரர் சொல்லாத சாக்கும் இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு குடங்களைக் கையில் எடுத்தவரைப் பார்த்து அவள் ஒரு நிமிஷம் பயந்தே போனாள். "என்னங்க, உடம்புக்கு ஏதாவது?"

"கண்டவங்க வீட்டு மரத்துக்குப் போறதுக்கு நம்ம கொடிக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மூன்றாம் மாடியில் நின்றார். நான்காம் மாடியில் குடத்தைக் கீழே வைத்தார். ஐந்தாம் மாடியில் தன்னைக் கீழே வைத்தார். ஏழு மாடியும் ஏறி முடித்து மொட்டைமாடிக் கதவைத் தள்ளியபோது அவருக்கு இரைத்த இரைப்பில் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் ஆடின. அந்த இரைப்பை ஒரு துளிகூட வீணாக்காமல் கொடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். துளை இலைக்கு அடியில் இருக்கிறது என்று மச்சினி சொன்னது ஞாபகம் வந்தது. ஆகவே மல்லாந்து படுத்து, கொடிக்கு அடியில் தலையை நுழைத்து, இலை இலையாகக் கீழேயிருந்து மேலே ஊதினார்.

"சார், உதவிக்கு ஆள் கூப்பிடட்டுமா?"

தராசுக்காரர் இலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். ஆறாம் மாடியில் குடியிருக்கும் டிரம்பெட்காரர். ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் ஊதுகிறவர். வீட்டில் ஊதினால் மனைவி கதவைச் சாத்திக்கொள்வதால் மொட்டைமாடிக்கு வந்து பயிற்சி செய்கிறவர்.

"வேணாங்க. மூச்சு குடுத்துட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"பூசணிக்கு."

டிரம்பெட்காரர் மரியாதையாக ஐந்து அடி தள்ளி நின்று வாசிக்க ஆரம்பித்தார். நான்கு நாள் அப்படித்தான் போயிற்று. ஐந்தாம் நாள் அவராலும் பொறுக்க முடியவில்லை, விவரம் கேட்டார். தராசுக்காரர் மூச்சிலிருந்து இலைவரை எல்லாவற்றையும் விளக்கினார். டிரம்பெட்காரர் கேட்டுவிட்டு, "ஊதுறதுதான் வேலைன்னா நான் இருக்கேனே!" என்று வாத்தியத்தின் வாயைக் கொடிப் பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து பூசணிக்கு இரட்டைக் கவனிப்பு.

காலையில் ஒரு நடை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு நடை. நடைக்கு இரண்டு குடம். வெயில் இருக்கும்போதுதான் இலை காற்றை வாங்கிச் சமைக்கும் என்று மச்சினி சொல்லியிருந்ததால் இருட்டின பிறகு மேலே போய் மூச்சை விரயம் செய்வதில்லை. ஒரு மாதத்தில் பூ விட்டது. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு இறங்கியது. தராசுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பிஞ்சு தேங்காய் அளவுக்கு வந்ததும், பழைய மீன்வலைத் துண்டில் அதை ஏந்தலாகக் கட்டி, துணிக்கம்பியில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, கனம் காம்பில் விழாதபடி மாட்டினார். பூசணி வளர வளர முள் இறங்கியது. அவர் பட்டறையில் ஏறி நிற்கும் தராசிலும் முள் இறங்கியது, எதிர்த் திசையில். இரண்டையும் மொட்டைமாடிச் சுவரில் சாக்பீஸால் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்தார்.

நடுவில் நான்கு நாள் வானம் மூடிக்கொண்டது. பூசணி முள் அசையவே இல்லை.

"நான் லீவு போட்டேனா? நீ மட்டும் ஏன்?" என்று பூசணியைக் கேட்டுப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லாததால் மச்சினிக்குப் போன் செய்தார்.

"வெயில் கம்மியா இருந்தா சமையலும் கம்மிதான் அத்தான். ஆனா எரிக்கிறத மட்டும் அது நிறுத்தாது. செடிக்கும் நம்மள மாதிரி அடுப்பு இருக்கு. ராத்திரி பகல்னு பார்க்காம அதுவும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கும்."

"என்னது? நான் ஏழு மாடி ஏறிக் கொண்டு போய்க் குடுக்கிறத அது தின்னு எரிச்சு வெளிய விடுதா?"

"வளரணும்னா அதுக்கும் தெம்பு வேணாமா?"

அன்று மத்தியானம் அவர் பூசணியோடு பேசவில்லை. மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது, முள் நூறு கிராம் இறங்கியது, சமாதானம் ஆகிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அதிசயம் நடந்தது. பட்டறைத் தராசில் அவர் எண்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம். ஆக, போனது எட்டு கிலோ இருநூறு. படியேறிப் போய் ஸ்பிரிங் தராசைப் பார்த்தார். பூசணி, எட்டு கிலோ இருநூறு.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி பார்த்தார். கிராம் பிசகவில்லை. பூசணியைக் கட்டிக்கொண்டார். டிரம்பெட்காரர் நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு வெற்றி முழக்கம் ஊதினார். பக்கத்துக் கட்டடத்து மாடியில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே கூட்டமாக எழும்பின.

அதற்குப் பிறகு தராசுக்காரர் ஊரில் யாரைப் பார்த்தாலும் போனை எடுத்துப் பூசணியின் படத்தைக் காட்டினார். "என் தொப்பை" என்றார். டாக்டரிடமும் காட்டினார். டாக்டர் படத்தைப் பார்த்தார், அவர் வயிற்றைப் பார்த்தார், மணியை அடித்தார். மாலையில் வீடு திரும்பியதும் பூசணியைப் பற்றி மனைவியிடம் வாய் ஓயாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை அவளை மாடிக்கே கூட்டிப்போய், அதைத் தடவித் தடவிக் காண்பித்தார்.

"ரெண்டு பிள்ளை பெத்தேன்" என்றாள் அவள். "அப்பக்கூட என் வயித்த இப்படித் தடவிக் குடுத்து நான் பார்க்கல." பிறகு விரலை மடக்கிப் பூசணியைத் தட்டிப் பார்த்தாள். டங் டங் என்றது. காம்பு காய்ந்திருந்தது. "பதமாயிடுச்சு. அறுத்துடலாம். இன்னைக்கே சமைச்சுடறேன்."

தராசுக்காரர் பூசணிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். "சமைக்கிறதா? புரிஞ்சுதான் பேசுறியா? நான் மூணு மாசம் பாடுபட்டு வெளிய தள்ளினது அது. தின்னா திரும்ப எனக்குள்ளதானே வரும்?"

"அப்ப நீங்க திங்காதீங்க. நான் தின்னுக்கிறேன்."

"நீ தின்னா என் கொழுப்பு உன் இடுப்புக்கு வரும்!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தத் தராசில் வைத்தாலும் முள் உடைந்திருக்கும். "என் இடுப்புக்கு என்ன குறைச்சல்?" என்று ஆரம்பித்தவள், விதை வாங்கினது யார், பீப்பாய் அறுத்தது யார், பூச்சி பொறுக்கினது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். கேட்டு முடித்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள். "உங்க அத்தானுக்குப் பித்துப் பிடிச்சிருக்கு. நீதான் ஏத்திவிட்டே. நீயே வந்து இறக்கு."

மச்சினி வந்து சேரும்போது டிரம்பெட்காரரும் வாத்தியத்தோடு வந்து நின்றிருந்தார். ஏழு மாடி ஏறியதில் அவளுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இந்தப் பக்கம் பார்த்து விடு, செடிக்குப் படட்டும்" என்றார் தராசுக்காரர்.

"அத்தான்..." அவள் ஒருவழியாகப் பேசினாள். "பூசணிக்காயில பத்துல ஒன்பது பங்கு தண்ணி."

"அதனால?"

"எட்டேகால் கிலோவுல ஏழரைக் கிலோ தண்ணிதான். நீங்க தூக்கிட்டு வந்த தண்ணி. காத்துலேர்ந்து வந்தத வச்சுக் கட்டினதுன்னு பார்த்தா முக்கால் கிலோ கூடத் தேறாது."

தராசுக்காரர் முகம் சுண்டிப்போனது. "அப்ப ஏழரைக் கிலோவ நானே கையால தூக்கிட்டு வந்து அதுக்குள்ள வச்சிருக்கேன்?"

"ஆமா."

"சரி, அந்த முக்கால் கிலோவாவது நான்தானே?"

"காத்து பாத்திரத்துலயா இருக்கு, அப்படியே எடுத்து ஊட்ட? நீங்க ஊதினது அடுத்த நிமிஷமே கலந்து போயிடும். இதுல பஸ் புகை இருக்கும், பக்கத்து வீட்டு நாய் விட்ட மூச்சு இருக்கும், எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கொட்டாவி விட்டது இருக்கும். உங்களோடது கடுகத்தனை இருந்தா பெரிசு."

இங்கே டிரம்பெட்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப என் பங்கு எவ்வளவு டீச்சர்? மூணு மாசம் இதப் பார்த்தேதான் வாசிச்சேன். சார் ஊதினது ஒரு மணி நேரம்னா நான் ஊதினது ரெண்டு."

"ஊதினா ஆச்சா? உள்ளேர்ந்து ஊதணும்!" என்று தராசுக்காரர் பாய்ந்தார். "உங்களுது பாட்டு. என்னுது கொழுப்பு."

"என் நுரையீரல் என்ன பலூனா? எனக்கும் கொழுப்பு இருக்கு சார்!"

"அது பேசுறதுலயே தெரியுது!"

"பக்கத்து வீட்டு நாயக் கூப்பிடுங்க, அதுக்கும் பங்கு குடுங்க" என்றாள் மனைவி. அரிவாள்மணை எடுக்கக் கீழே போகலாமா, சண்டையைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மச்சினி இரண்டு கையையும் தூக்கி வகுப்பை அடக்குகிற மாதிரி அடக்கினாள். "அத்தான், நீங்க எட்டுக் கிலோ குறைஞ்சது நிஜம். ஆனா செடிக்கு ஊதினதால குறையல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, கையில ரெண்டு குடத்தோட ஏழு மாடி. படி எத்தனை?"

"மாடிக்குப் பதினெட்டு. மொத்தம் நூத்தி இருபத்தாறு." எண்கள் அவருக்கு எப்போதும் நுனிநாக்கில் இருக்கும்.

"அதான். கால் கேட்டுச்சு, செல் எரிச்சுது, மூச்சுல போச்சு. மேல வந்து நீங்க கொடிய ஊதினீங்களோ, சுவர ஊதினீங்களோ, ஒரே கணக்குதான்."

தராசுக்காரர் நகர்ந்துபோய்க் கைப்பிடிச்சுவர் ஓரமாக நின்றார். அழுதுவிடுவாரோ என்று மனைவிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கீழே தெரு நீண்டு கிடந்தது. ஓரமெல்லாம் மரங்கள். பள்ளிக்கூட மைதானத்துப் புல். யாரோ வீட்டு ஜன்னல் தொட்டி. சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த ஏதோ ஒன்று.

"மூச்சு காத்துல கலந்துடும்னா" என்று அவர் திரும்பாமலே கேட்டார், "அந்த மரத்துல நான் இருப்பேனா?"

"துளியூண்டு இருக்கலாம்."

"அந்தப் புல்லுல?"

"இருக்கலாம்."

"வெங்காய வியாபாரியோட வெங்காயத்துல?"

"அதுலயும் இருக்கலாம்."

"அந்த ஆளு என்னையே எனக்கு நிறுத்துக் குடுத்துட்டிருக்கான்!" தராசுக்காரர் திரும்பினார். முகம் ஆயிரம் வாட் பல்பு. "அப்ப ஊரு பூரா நான்தான்னு சொல்லு!"

"எல்லாருமே எல்லாத்துலயும் இருக்காங்க அத்தான்."

"எல்லாரும் இருக்கட்டும். நான் எட்டுக் கிலோ ஜாஸ்தி."

அத்தோடு பூசணி விஷயத்தில் அவருக்கு இருந்த பிடிவாதம் கழன்றுவிட்டது. அவரே வலையை அவிழ்த்து, காம்பை அறுத்து, பூசணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நூற்றிருபத்தாறு படியும் இறங்கினார். மனைவி அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். உள்ளே நார், விதை, நடுவில் வெறும் பொந்து. தராசுக்காரர் அந்தப் பொந்துக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார்.

"என் மூச்சு மாதிரிதான் இருக்கு" என்றார்.

"உங்க மூச்சு இவ்வளவு வாசனையா இருந்திருந்தா இந்த வீட்ல எனக்கு நிம்மதி இருந்திருக்கும்" என்றாள் மனைவி, துண்டு போட்டுக்கொண்டே.

வெங்காயமும் மிளகும் போட்டு வேகவைத்தாள். நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாதிக் காய் டிரம்பெட்காரர் வீட்டுக்குப் போகும் என்று பேச்சாகியிருந்ததால் அவர் தாராளமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தராசுக்காரர் மட்டும் தட்டில் ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். இனிப்பாக இருந்தது. வாய்க்குள் தானாகவே கரைந்தது.

"இந்த இனிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

மச்சினி வாயில் இருந்ததை விழுங்கினாள். "வெயில்லேர்ந்து. காத்தும் தண்ணியும் சாமான்தான், மாறி மாறி சுத்திட்டு வரும். ஆனா அதுக்குள்ள இருக்கிற தெம்பு மூணு மாசம் அடிச்ச வெயில். நாளைக்கு நீங்க பட்டறையில கைய தூக்கினா அந்த வெயில்தான் தூக்கும். தூக்கி முடிச்சதும் உடம்புச் சூடா வெளிய போயிடும். அது மட்டும் செடிக்குத் திரும்பி வராது. தினமும் புதுசா வந்தாகணும்."

"சாமான்ல எடை இருக்கு. வெயிலுக்கு?"

"நீங்க வச்சிருக்கிற எந்தத் தராசுலயும் தெரியாது."

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். தட்டை முன்னால் நகர்த்தினார். "அப்ப அந்த வெயில்ல இன்னும் நாலு துண்டு போடு."

"என் பங்குலேர்ந்து எடுக்காதீங்கம்மா" என்றார் டிரம்பெட்காரர்.